நோபலை மறுத்தவர்கள் இரண்டு பேரா, ஆறு பேரா?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். செந்தூல் பக்கம் ஒரு மண்டபத்தில், தீபாவளி ஒன்றுகூடலை ஒட்டி ஒரு பொது அறிவுப் போட்டி. கடைசிச் சுற்றில் ஒரு கேள்வி: "நோபல் பரிசை மறுத்தவர்கள் எத்தனை பேர்?" ஓர் அணி "இரண்டு" என்றது. நடுவர் கையில் இருந்த தாளில் "ஆறு" என்று இருந்தது. அந்த ஒரு கேள்வியில் கோப்பை கைமாறிவிட்டது. தோற்ற அணியில் இருந்த தம்பி கேட்கிறார்: யார் சொன்னது சரி? கூடவே ஒரு வால் கேள்வி: நம் மலேசியாவில் டத்தோ என்ற கௌரவப் பட்டத்தை யாராவது வேண்டாம் என்று சொன்னது உண்டா, சொல்லத்தான் முடியுமா?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருபது வருடமாக இந்த மாதிரிப் போட்டிகளுக்குக் கேள்வி தயாரித்துக் கொடுக்கிறவன் நான். என் தீர்ப்பு: இரண்டு விடையும் சரி, கேள்விதான் தப்பு. "தாமாக" என்ற ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. இதே கேள்வியை இதே தப்போடு நானும் ஒருமுறை வாசித்திருக்கிறேன். போட்டி முடிந்ததும் முன்வாசல் வழியாகப் போகத் துணிவில்லாமல் சமையற்கட்டு வழியாக வெளியேறினேன். ஆகவே அந்த நடுவரை ரொம்பத் திட்டாதீர்கள் தம்பி.

தாமாக மறுத்தவர்கள் இரண்டே பேர்.

முதலாமவர் பிரெஞ்சு எழுத்தாளர் ழான் பால் சார்த்தர். 1964-ஆம் ஆண்டின் இலக்கிய நோபல். இந்தக் கதையில் ஒரு தபால் குளறுபடி இருக்கிறது. பரிசு தனக்கு வரக்கூடும் என்ற செய்தியைப் பாரிஸ் பத்திரிகையில் பார்த்ததுமே, கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள முடியாது, வேறு யாரையாவது பாருங்கள் என்று சுவீடன் அகாதமிக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிவிட்டார். கடிதம் போனபோது அதைப் பிரிக்க வேண்டிய செயலாளர் ஊரில் இல்லை. அக்டோபர் 22-ஆம் தேதி பெயரை அறிவித்துவிட்டார்கள். சார்த்தர் அகாதமியின் முகத்தில் அடித்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. மனுஷர் கதவைத் தட்டுவதற்கு முன்பே "உள்ளே யாரும் இல்லை" என்று குரல் கொடுத்திருந்தார், தட்டியவர்கள் காதில்தான் விழவில்லை.

அப்புறம் அவர் கொடுத்த விளக்கம் படிக்க வேண்டிய ஒன்று. "ழான் பால் சார்த்தர்" என்று கையெழுத்துப் போடுவது வேறு, "நோபல் பரிசு பெற்ற ழான் பால் சார்த்தர்" என்று போடுவது வேறு என்றார். எழுதுகிறவன் தன்னை ஒரு நிறுவனமாக மாற்றிவிட இடம் கொடுக்கக்கூடாதாம். இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. கோயில் திருவிழா அழைப்பிதழில் ஒருவர் பெயருக்கு முன்னால் "டத்தோ" விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று எந்த அச்சகக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அதே விளக்கத்தில் பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசியிருக்கிறார். இரண்டரை லட்சம் குரோனர் அப்போது பெரிய தொகை. அதை வாங்கித் தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராக லண்டனில் இயங்கிய குழுவுக்குக் கொடுத்திருக்கலாமே என்று மனம் அலைக்கழிந்ததாகச் சொல்கிறார். தியாகி வேஷம் போடாத ஒரு மறுப்பு. 1945-இலேயே பிரான்ஸ் அரசின் லீஜியன் டி ஆனர் விருதையும் வேண்டாம் என்றவர், ஆகவே இது திடீர் ரோஷமும் கிடையாது. சோவியத் எழுத்தாளர்களில் ஷோலகோவுக்கு முன்னால் பாஸ்டர்நாக்குக்குக் கொடுத்தது வருத்தம் என்று ஒரு வரி எழுதினார். அடுத்த வருடமே, 1965-இல், ஷோலகோவுக்கு நோபல் கிடைத்தது. அவர் சொன்னதால் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. புதிர்க் கேள்விக்கு நல்ல தீனி என்று மட்டும் சொல்கிறேன்.

இரண்டாமவர் நம் வட்டாரத்துக்காரர்: வியட்நாமின் லெ டக் தோ. 1973 ஜனவரியில் பாரிஸில் போர்நிறுத்த ஒப்பந்தம் ஆனது. அந்த வருட அமைதி நோபல் அவருக்கும் அமெரிக்காவின் ஹென்றி கிஸ்ஸிஞ்சருக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டது. அமைதி நோபலுக்குத் தேர்வான முதல் ஆசியர் அவர்தான். துப்பாக்கிச் சத்தம் நின்று, ஒப்பந்தம் மதிக்கப்பட்டு, தென் வியட்நாமில் உண்மையிலேயே அமைதி வந்தால் பரிசைப் பற்றி யோசிக்கலாம் என்று பதில் அனுப்பினார். கிஸ்ஸிஞ்சர் ஏற்றுக்கொண்டார், ஆனால் விழாவுக்குப் போகவில்லை. 1975-இல் சைகோன் வீழ்ந்ததும் திருப்பித் தருகிறேன் என்று அவரும் சொல்லிப் பார்த்தார். நோபல் குழு வாங்கவில்லை. திரங்கானு கடற்கரையில் வியட்நாமியர் படகுகள் வந்து ஒதுங்கியதையும் பீடோங் தீவு அகதி முகாமையும் பத்திரிகையில் பார்த்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு, அந்த இரண்டு பேரில் யார் நிலவரத்தைச் சரியாகக் கணித்தவர் என்பதில் சந்தேகம் இருக்காது.

மீதி நான்கு பேரும் மறுக்க வைக்கப்பட்டவர்கள். 1935-ஆம் ஆண்டின் அமைதி நோபல், நாஜி முகாமில் அடைபட்டிருந்த கார்ல் வான் ஒசியட்ஸ்கிக்குக் கிடைத்தது. அதில் கொதித்துப்போன ஹிட்லர், இனி ஜெர்மானியர் எவரும் நோபல் வாங்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். அதில் மாட்டியவர்கள் ரிச்சர்ட் கூன் (வேதியியல், 1938), அடால்ஃப் பூட்டெனாண்ட் (வேதியியல், 1939), கெர்ஹார்ட் டோமாக் (மருத்துவம், 1939). டோமாக்கை நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ கைது செய்து உள்ளேயும் வைத்தது. பெனிசிலின் புழக்கத்துக்கு வருமுன் சல்ஃபா மருந்துக்கு வழி திறந்தவர் அவர். அதைக் கொடுத்துத் தன் சொந்த மகளையே பிழைக்க வைத்தவர். போர் முடிந்தபின் மூவருக்கும் பதக்கமும் பட்டயமும் வந்தன, பணம் வரவில்லை. குறித்த காலத்துக்குள் வாங்காத பணம் நிதிக்கே திரும்பிவிடும் என்பது விதி.

நான்காமவர் போரிஸ் பாஸ்டர்நாக். 1958-இல் செய்தி வந்ததும், நன்றி, நெகிழ்ச்சி, பெருமை, வியப்பு, கூச்சம் என்று அடுக்கித் தந்தி கொடுத்தார். நாலு நாளில் இன்னொரு தந்தி: நான் வாழும் சமூகத்தில் இந்தப் பரிசுக்குக் கற்பிக்கப்படும் அர்த்தத்தைக் கருதி இதை மறுக்க வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட அந்த நாலு நாளில் சோவியத் எழுத்தாளர் சங்கம் அவரை வெளியேற்றியிருந்தது. 1989-இல் அவர் மகன் ஸ்டாக்ஹோம் போய்ப் பதக்கத்தை வாங்கினார்.

ஆக இரண்டும் நாலும் ஆறு. தாமாக மறுத்தவர்கள் என்று கேட்டிருந்தால் இரண்டு, மறுத்தவர்களாகப் பதிவானவர்கள் என்று கேட்டிருந்தால் ஆறு. பாப் டிலனை ஏழாவதாகச் சேர்க்க ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. சேர்க்காதீர்கள். 2016-இல் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார், டிசம்பர் விழாவுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஏப்ரலில் ஸ்டாக்ஹோமிலேயே பதக்கத்தை வாங்கிக்கொண்டார். பணத்துக்குக் கட்டாயமான உரையையும் கெடு முடியுமுன் அனுப்பிவிட்டார்.

பெர்னார்ட் ஷாவைச் சேர்க்கலாமா என்றும் கேட்பார்கள். 1925-ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் அவருடையது. கௌரவத்தை ஏற்றுக்கொண்டார், பணத்தை வேண்டாம் என்றார். பத்திரமாகக் கரையேறிவிட்டவனுக்கு வீசிய மிதவை இது என்று எழுதினார். பிறகு அந்தப் பணம் சுவீடிஷ் இலக்கியத்தை ஆங்கிலத்தில் கொண்டுவரப் போனது. அவரைப் பாதி மறுத்தவர் என்று சொல்லலாம். போட்டியில் பாதிப் புள்ளி கொடுப்பதா இல்லையா என்பது நடுவர் பாடு.

மறுத்தால் அடக்கம், வாங்கினால் ஆசை என்று நினைக்கிறவர்களுக்கு இயற்பியலாளர் பால் டிராக்கின் கதையைச் சொல்வேன். கூச்ச சுபாவி. 1933-இல் நோபல் வந்ததும், பேர் வெளியே தெரியுமே என்று பயந்து மறுக்கப் பார்த்தார். மறுத்தால்தான் இன்னும் அதிகமாகத் தெரியும் என்று ரூதர்போர்ட் புத்தி சொன்னார். டிராக் வாய் மூடி வாங்கிக்கொண்டார். சர் பட்டத்தை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. "சர் பால்" என்று யாராவது கூப்பிட்டுவிடுவார்களே என்ற கவலை.

இங்கே ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மறுப்பது வேறு, வாங்கியபின் திருப்பிக் கொடுப்பது வேறு. போட்டிகளில் பாதிச் சண்டை இதில்தான் வரும்.

திருப்பிக் கொடுத்தவர்களில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் தாகூர். 1915-இல் வாங்கிய சர் பட்டத்தை ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப்பின் 1919 மே மாதக் கடைசியில் துறந்தார். இந்தப் பட்டங்கள் எங்கள் அவமானத்தைத்தான் வெளிச்சம் போட்டுக் காட்டுகின்றன என்ற பொருளில் வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதினார். எட்டு வருடம் கழித்து, 1927-இல், அவர் மலாயாவுக்கே வந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று சுற்றிப் பேசிவிட்டுப் போனார். நம் பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்வது வேறொரு பெயர். தாகூருக்கு முன்பே ஒரு தமிழர் இதைச் செய்துவிட்டார்: மதுரைக்காரர் எஸ். சுப்பிரமணிய ஐயர், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், மணி ஐயர் என்பார்கள். இந்தியாவுக்குச் சுயாட்சி வேண்டும் என்று 1917-இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்கே கடிதம் எழுதினார். அது பிரிட்டிஷாரைச் சுட்டது, கண்டித்தார்கள். அவர் சர் பட்டத்தையும் திவான் பகதூரையும் சேர்த்தே உதறினார். மேடையில் இந்தக் கேள்வியைப் போட்டால் பத்து அணியில் ஒன்பது "தாகூர்" என்று கத்தும். எனக்குப் பிடித்த பொறிகளில் ஒன்று.

பீட்டில்ஸ் ஜான் லென்னன் 1965-இல் வாங்கிய எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருதின் பதக்கத்தை 1969 நவம்பரில் அரண்மனைக்குத் திருப்பி அனுப்பினார். நைஜீரியாவின் பையாஃப்ரா போர் விவகாரத்தில் பிரிட்டனின் பங்கு, வியட்நாமில் அமெரிக்காவுக்கு அது தரும் ஆதரவு என்று இரண்டு பெரிய காரணம் எழுதிவிட்டு, மூன்றாவதாகத் தன் புதுப் பாட்டு விற்பனைப் பட்டியலில் சரிகிறது என்பதையும் சேர்த்தார். எனக்கு அந்த மூன்றாவது காரணத்துக்காகவே அவரைப் பிடிக்கும்.

இந்திய விருதுகள் பக்கம் வந்தால் கதை நீளம். சித்தார் மேதை விலாயத் கான் பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் மூன்றையுமே மறுத்தவர். வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பர் பத்மபூஷணை 1992-இலும் 2005-இலும் இரண்டு தடவை மறுத்தார். குஷ்வந்த் சிங் 1984-இல் பொற்கோயில் நடவடிக்கையைக் கண்டித்துப் பத்மபூஷணைத் திருப்பிக் கொடுத்தார், 2007-இல் அதைவிடப் பெரிய பத்மவிபூஷணை வாங்கிக்கொண்டார். தமிழில் ஜெயமோகன் 2016-இல் பத்மஸ்ரீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கவிஞர் இன்குலாப் இறந்து ஒரு வருடம் கழித்து, 2017-இல், சாகித்திய அகாதமி விருது அறிவிக்கப்பட்டபோது அவருடைய குடும்பமே அதை ஏற்க மறுத்தது. மறுப்பையும் வாரிசுகள் பேணுவது அபூர்வம்.

இதில் மலாயாவுக்கு மிக நெருக்கமானவர் நேதாஜி. 1992 ஜனவரியில் அவருக்குப் பாரத ரத்னா அறிவித்தார்கள். அறிவிப்பில் "மறைவுக்குப் பின்" என்று ஒரு சொல். அவர் இறந்ததை நாங்கள் எப்போது ஒப்புக்கொண்டோம் என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டது, குடும்பத்தாரும் விருதை ஏற்கவில்லை. 1997-இல் உச்சநீதிமன்றம் அந்த அறிவிப்பு ரத்தானதாக அறிவித்தது. ஒரே ஒரு சொல்லால் கவிழ்ந்த பாரத ரத்னா அது. அவர் படைக்கு நம் தோட்டங்களிலிருந்து போன பெண்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே இன்னும் இருக்கிறார்கள். கோலாலம்பூர் இந்தியப் பண்பாட்டு மையத்துக்கு அவர் பெயர். ஜான்சி ராணிப் படையில் தளபதிக்கு அடுத்த நிலையில் இருந்த நம் ஊர் ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆக, தலைவர் பேருக்கு வந்த விருது நிற்கவில்லை, படைவீராங்கனைக்கு வந்தது நின்றது.

இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறேன். அதற்கு இன்னொரு ஜானகி வேண்டும்: பாடகி எஸ். ஜானகி. 2013-இல் அவருக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள். வேண்டாம் என்றார். பாட வந்து ஐம்பத்தைந்து வருடம் கழித்து இது, ரொம்பத் தாமதம், தென்னிந்தியக் கலைஞர்களுக்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை என்றார். கொடுப்பதானால் பாரத ரத்னா கொடுங்கள் என்றும் சொன்னார். அன்றைக்கு பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். மின்னல் எஃப்.எம். ஓடிக்கொண்டிருந்தது, கல்லாவில் இருந்த அண்ணன் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, "இந்தம்மாவுக்கு இவ்வளவு தலைக்கனமா?" என்றார். ரொட்டி சானாய் தட்டிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "தலைக்கனம் இல்லண்ணே. நாப்பது வருசமா கடைக்கு வர்ற ஆளுக்கு இன்னைக்குப் போயி ஒரு ஓசி டீ குடுத்தா வாங்குவாரா?"

அந்த ரொட்டிக்காரர் புறநானூறு படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் சொன்னது இரண்டாயிரம் வருடப் பழசு. பெருஞ்சித்திரனார் என்று ஒரு புலவர். குன்றும் மலையும் தாண்டி அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் வாங்கப் போகிறார். வேலையோ என்னவோ, அதியமான் அவரை நேரில் பார்க்காமல், இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பொருளை மட்டும் கொடுத்தனுப்புகிறான். 208-ஆம் பாட்டு அதற்கு வந்த பதில்:

"காணாது ஈத்த இப்பொருட்கு யானோர்
வாணிகப் பரிசிலன் அல்லேன்."

என்னைப் பார்க்காமல் கொடுத்த இந்தப் பொருளை வாங்கிக்கொண்டு போக நான் என்ன வியாபாரியா? என் தரம் அறிந்து, பேணிக் கொடுத்தால் ஒரு தினை அளவு போதும் என்று பாட்டு முடிகிறது. வந்தது பரிசில் வாங்கத்தான், வறுமையிலிருந்தவர்தான், கொடுத்தவனும் பெரிய வள்ளல்தான். இடித்தது ஒன்றே ஒன்று: பார்க்கவில்லை.

இதே புலவர் இளவெளிமானிடம் போனபோது அவன் கொஞ்சமாகக் கொடுத்தான். அதையும் வாங்காமல் நேரே குமணனிடம் போய் ஒரு யானையைப் பரிசாகப் பெற்றார். ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகாமல் திரும்ப வந்து, இளவெளிமானின் காவல்மரத்தில் அந்த யானையைக் கட்டினார். இரப்பவர்களைக் காப்பவன் நீ இல்லை, அதற்காக இரப்பவர்களுக்குக் காப்பவர்களே இல்லாமலும் போய்விடவில்லை, இதோ பார் என்று ஒரு பாட்டும் பாடினார். அது 162-ஆம் பாட்டு. 1973-இல் ஆஸ்கார் மேடைக்குத் தான் போகாமல் சஷீன் லிட்டில்ஃபெதர் என்ற இளம்பெண்ணை அனுப்பி, ஹாலிவுட் செவ்விந்தியர்களைக் காட்டும் விதத்தைக் கண்டித்து விருதை மறுத்த மார்லன் பிராண்டோவைப் பெரிய நாடகக்காரர் என்பார்கள். கத்துக்குட்டி. யானையைக் கட்டிவிட்டுப் போனவர் எங்கள் ஆள்.

இந்தக் கண்ணோடு பட்டியலைத் திரும்பப் பாருங்கள். விருதே கெட்டது என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர். யார் கொடுக்கிறான், எப்போது கொடுக்கிறான், என்னை என்னவென்று நினைத்துக் கொடுக்கிறான் என்பதில்தான் பெரும்பாலும் முறுக்கிக்கொள்கிறார்கள். ரஷ்யக் கணிதர் கிரிகோரி பெரல்மான் இதற்குச் சுத்தமான உதாரணம். நூறு வருடமாக யாருக்கும் பிடிபடாமல் இருந்த புவாங்கரே ஊகத்தை நிரூபித்தார். 2006-இல் கணிதத்தின் மிகப் பெரிய கௌரவமான ஃபீல்ட்ஸ் பதக்கம் அவருக்கு. வாங்கச் சொல்லி வற்புறுத்த உலகக் கணித ஒன்றியத் தலைவரே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் இரண்டு நாள் பேசிப் பார்த்தார். நிரூபணம் சரி என்றால் அதற்குமேல் அங்கீகாரம் எதற்கு என்றுவிட்டார் பெரல்மான். 2010-இல் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அதையும் தொடவில்லை. வழியைத் திறந்த ரிச்சர்ட் ஹாமில்டனின் பங்கு என்னுடையதற்குக் குறைந்ததில்லை, அவரை விட்டுவிட்டு எனக்கு மட்டும் தருவது நியாயமில்லை என்றார். கொடுத்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், ஹாமில்டனைப் பார்க்கவில்லை.

சரி, டத்தோ கேள்வி.

முதலில் ஒரு வித்தியாசம். மாமன்னரின் பெயரால் மத்திய அரசு வழங்குவது மலாய் எழுத்தில் ஒரு மாதிரி முடியும், சுல்தான்கள் தருவது இன்னொரு மாதிரி முடியும். நம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எல்லாமே டத்தோதான். அதற்கு மேலே டான் ஸ்ரீ, துன். கீழே பி.ஜே.கே., பி.பி.என். போன்ற பதக்கங்கள். மாமன்னர் பிறந்தநாளுக்கு மறுநாள் தமிழ்ப் பத்திரிகையைப் பிரித்தால் செய்தியைவிட வாழ்த்து விளம்பரம் அதிகம் இருக்கும். நம் சமூகத்தில் இந்தப் பட்டத்தின் எடை என்ன என்று அந்தப் பக்கங்களைப் பார்த்தாலே தெரியும். போலிப் பட்டம் விற்கிற ஆட்கள் பெருகி, விருதுக் குற்றங்களுக்கென்றே 2017-இல் தனிச்சட்டம் போட வேண்டிய நாடு இது.

மறுக்க முடியுமா என்றால், முடியும். பட்டம் வலுக்கட்டாயம் கிடையாது. ஆனால் அரண்மனை தரும் கௌரவத்தை ஊரறிய மறுப்பது இங்கே மரியாதைக் குறைவாகப் படும், ஆகவே மறுக்கிறவர்கள் பெயர் பட்டியலுக்குப் போகுமுன்பே ஓசைப்படாமல் விலகிக்கொள்வார்கள். பிரிட்டனிலும் இதே வழக்கம்தான். முன்கூட்டியே கடிதம் போட்டு விருப்பம் கேட்பார்கள், மறுத்தால் ரகசியம். 2012-இல்தான் 1951 முதல் 1999 வரை மறுத்து, பின்னர் காலமானவர்களில் 277 பேரின் பட்டியலை வெளியிட்டார்கள். அதில் முதலிடம் ஓவியர் எல்.எஸ். லௌரிக்கு, சர் பட்டம் உட்பட ஐந்து முறை மறுத்தவர். இங்கே அப்படிப் பட்டியல் போடும் வழக்கம் இல்லை.

ஊரறிய நடந்தவை கொஞ்சம் உண்டு. முன்னாள் பிரதமர் துன் மகாதீர் 2017 டிசம்பரில் செலாங்கூர் மாநில விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார், அவர் துணைவியாரும் கொடுத்தார். ஆனால் அது திருப்பிக் கொடுத்தது, மறுத்தது ஆகாது. பினாங்கில் 2008 முதல் பத்தாண்டு முதலமைச்சராக இருந்த லிம் குவான் எங் பதவியை விட்டு இறங்கும்போதும் வெறும் "துவான்" லிம் குவான் எங்தான். அவருடைய தந்தை லிம் கிட் சியாங் அரசியலில் இருந்தவரை பட்டமில்லாமல் இருந்து, ஓய்வுபெற்ற பிறகு 2023-இல், 82 வயதில், டான் ஸ்ரீ ஆனார்.

நம்மவர் யாரும் இல்லையா என்றால், கொஞ்சம் சுற்றி வளைத்து ஒரு பெயர் சொல்கிறேன்: வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. 1928-இல் பிரிட்டிஷ் அரசு தந்த சர் பட்டத்தை மறுத்தவர். 1936 கடைசியில் மலாயாவுக்கு வந்து, நம் தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிக்கை எழுதியவரும் அவரே. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற நாள்கூலி அந்த அறிக்கையில் பேசப்படுகிறது. அறிக்கை முதலாளிகளுக்குச் சாதகம் என்று அன்றைக்கே குறை சொன்னவர்கள் உண்டு, எனக்கும் அந்தக் குறை உண்டு. பட்டத்தை மறுத்தவர் எழுதியதெல்லாம் நெருப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது போல.

இன்னொன்று. தேசிய இலக்கியவாதி என்ற சசத்தெரவான் நெகாரா விருது 1981-இலிருந்து வழங்கப்படுகிறது, மலாய் மொழியில் எழுதுகிறவர்களுக்கு மட்டும். நம் தமிழ் எழுத்தாளர்கள் அதை மறுத்ததே இல்லை. மறுப்பதற்கும் முதலில் யாராவது நீட்ட வேண்டுமே.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் வராத ஒருவர். பட்டர்வொர்த்தில் இருந்த என் பெரியப்பா. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்து நாலு வருடம் வாத்தியார், கடைசியில் தலைமையாசிரியர். ஓய்வுபெற்று நாலைந்து வருடம் கழித்து ஒரு நாள், ஒய்.பி. என்று நாங்கள் சொல்லும் மக்கள் பிரதிநிதியின் அலுவலகத்திலிருந்து அனுப்பியதாக ஓர் இளைஞர் மோட்டாரில் வந்து ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். உள்ளே பி.ஜே.கே. பதக்கத்துக்கான விண்ணப்பப் பாரம். முழுப்பெயர், அடையாள அட்டை எண், வகித்த பதவிகள், அப்புறம் "சமூகத்துக்கு ஆற்றிய சேவை" என்று அரைப் பக்கம் கோடு. நான் அப்போது விடுமுறையில் அங்கே இருந்தேன். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்து, அடையாள அட்டை எண் வரை எழுதினார். சேவை என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"இதை நான் எழுதணுமா?"

"ஆமாங்க சார். நீங்க என்ன செஞ்சீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுல்ல."

பெரியப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். கோபமெல்லாம் இல்லை. அந்தப் பையனுக்குக் கோப்பி போடச் சொன்னார், எந்தப் பள்ளியில் படித்தாய், அப்பா என்ன வேலை என்று விசாரித்தார். பாரத்தைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லி வழியனுப்பினார். பெரியம்மாவுக்குத்தான் ஆற்றாமை. "ரெண்டு வரி எழுதிக் குடுத்தா என்ன குறைஞ்சா போயிருவீங்க? கோட்டு தைச்சுக்கிட்டுப் போயி வாங்கிட்டு வரலாம்ல?" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை போனபோது பாரத்தைப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் பெரியம்மா அதில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதியிருந்தார்: உளுந்து இரண்டு கிலோ, நல்லெண்ணெய் ஒரு போத்தல், கடுகு, சீனி.